மேகாலயாவின் திருவிழாக்களும் இடங்களும்: முதன்முறை அறிய விரும்புவோருக்கு ஓர் அறிமுகம்

மேகாலயாவுக்குச் செல்ல நினைப்பவர்களின் கைக்கு வந்துசேரும் பட்டியல்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஓர் அருவி, ஒரு வேர்ப்பாலம், ஒரு குகை, அடிமணல் தெரியும் ஓர் ஆறு, இவற்றுக்கு நடுவே ஏதோ ஒரு நடன விழாவின் பெயர். இவை எல்லாமே பார்க்கத் தகுந்தவைதான். ஆனால் அந்த நடனத்தில் பெண்கள் உள்வட்டத்திலும் ஆண்கள் வெளிவட்டத்திலும் ஆடுவது ஏன், பாலத்தைக் கல்லால் கட்டாமல் உயிருள்ள மரத்தின் வேரைக் கொண்டு வளர்த்தது ஏன், சாலையோரத்தில் வரிசையாக நிற்கும் நெடுங்கற்களுக்கு முன்னால் ஒரு தட்டைக் கல் கிடத்தப்பட்டிருப்பது ஏன் என்பதை அந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை. இந்தக் கேள்விகளைப் பின்தொடர்ந்து சென்றால் இரண்டு செய்திகளில் வந்து நிற்போம். ஒன்று, அந்த மலைகளில் பெய்யும் மழை. மற்றொன்று, அங்குள்ள மக்கள் குலத்தையும் உடைமையையும் தாய்வழியில் கணக்கிடும் முறை. இவ்விரண்டையும் ஓரளவு அறிந்துகொண்ட பிறகு அங்கே காணும் ஒவ்வொன்றும் மற்றொன்றோடு எவ்வாறு பிணைந்திருக்கிறது என்பது விளங்கத் தொடங்கும்.

வடக்கே அசாமின் பிரம்மபுத்திரா சமவெளி, தெற்கே வங்கதேசத்தின் தாழ்நிலம், இரண்டுக்கும் இடையில் கிழக்கு மேற்காக நீண்டு உயர்ந்திருக்கும் பீடபூமியே மேகாலயா. பரப்பளவு 22,429 சதுர கிலோமீட்டர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 29.67 லட்சம் பேர். 1970 ஏப்ரல் 2 அன்று அசாமுக்குள்ளேயே தன்னாட்சி மாநிலமாக உருவாகி, 1972 ஜனவரி 21 அன்று முழு மாநிலமானது. மேற்கே காரோ மலைகள், நடுவே காசி மலைகள், கிழக்கே ஜைந்தியா மலைகள் என்று மூன்று பகுதிகளாக இதைப் புரிந்துகொள்ளலாம். கங்கைக் கரையில் உள்ள காசிக்கும் இந்தக் காசி மக்களுக்கும் தொடர்பில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. காசி மக்களும், பனார் என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஜைந்தியா மக்களும் பேசும் மொழிகள் கம்போடியாவின் கெமர் மொழியோடு உறவுடைய ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காரோ மொழியோ திபெத்திய பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அசாமின் போடோ மொழிக்கு நெருக்கமானது. மொழியால் இவ்வளவு விலகி நிற்கும் இவ்விரு சாராரும் தாய்வழி முறையில் ஒன்றுபடுவதுதான் இந்த மாநிலத்தைப் பற்றி நான் மிகவும் வியக்கும் செய்தி.

முதலில் மழையைப் பார்ப்போம். வங்காள விரிகுடாவில் ஈரத்தைச் சுமந்துகொண்டு கிளம்பும் பருவக்காற்று, தடுக்க ஒரு குன்றும் இல்லாத வங்கதேசச் சமவெளியைக் கடந்து வந்து காசி மலைகளின் தெற்குச் சரிவில் மோதுகிறது. அந்தச் சரிவு சமவெளியிலிருந்து படிப்படியாக உயராமல் செங்குத்தாக எழுந்து நிற்பதால், காற்று வேறு வழியின்றி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. சரிவின் மேல்விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில், நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெறும் சிரபுஞ்சியும் அதற்கு மேற்கே மௌசின்ராமும் இருக்கின்றன. இரண்டு ஊர்களின் சராசரி ஆண்டு மழையும் 11,000 மில்லிமீட்டருக்கு மேல். 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையான 12 மாதங்களில் சிரபுஞ்சியில் பெய்த 26,461 மில்லிமீட்டர் மழை இன்றும் உலகச் சாதனையாக நிற்கிறது. உள்ளூர் மக்கள் இந்த ஊரைச் சோரா என்றே அழைக்கிறார்கள். நாமும் அங்கே செல்லும்போது அந்தப் பெயரைப் பயன்படுத்துவதே மரியாதை.

இவ்வளவு மழை பெய்யும் ஊரில் குளிர்காலத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு வருகிறது என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். மழையின் பெரும்பகுதி ஒரு சில மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. பெய்த நீர் செங்குத்தான சரிவு வழியே ஓடி வங்கதேசத்துக்குப் போய்விடுகிறது. காலங்காலமாக மழை அரித்ததால் மேல்மண் மெலிந்து, அதன் அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையின் விரிசல்கள் வழியாக மீதி நீரும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் பெண்கள் குடங்களோடு ஊற்றுகளைத் தேடி நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் வயலில் வேலை செய்பவர்களோ மூங்கிலாலும் இலைகளாலும் முடைந்த க்னூப் என்னும் மழைமறைப்பை அணிகிறார்கள். சிப்பியின் ஓட்டைப் போல வளைந்த அது தலையையும் முதுகையும் சேர்த்து மூடிக்கொள்ளும். அதைப் பிடித்துக்கொள்ளக் கை தேவையில்லாததால், இரண்டு கைகளாலும் குனிந்து களை பறிக்கும்போதும் உடல் நனையாது. கையில் பிடிக்கும் குடை அந்த மழைக்கும் அந்த வேலைக்கும் உதவாது.

வேர்ப்பாலங்கள் பிறந்ததும் இந்த மழையால்தான். தெற்குச் சரிவில் வாழும் வார் காசி மக்கள் பாக்கு, வெற்றிலை, ஆரஞ்சு, மிளகு போன்றவற்றைப் பயிரிடுகிறார்கள். தோட்டத்துக்குப் போகவும் விளைந்ததைச் சந்தைக்குச் சுமந்து செல்லவும் பல ஓடைகளைக் கடந்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஓடைகள் காட்டாறுகளாகப் பெருக்கெடுக்கும். மூங்கில் பாலம் ஓரிரு ஆண்டுகளில் உளுத்துவிடும். ஆகவே கரையில் நிற்கும் சீமை ஆல் என்னும் ரப்பர் அத்தி மரத்தின் விழுதுகளை எதிர்க்கரை நோக்கித் திருப்பும் முறையை அவர்கள் கண்டார்கள். மூங்கிலால் ஒரு தற்காலிகச் சாரம் கட்டி, இளம் வேர்களை அதன்மேல் படரவிடுவார்கள். சில இடங்களில் பாக்கு மரத்தை நீளவாக்கில் பிளந்து குடைந்து, அந்தக் குழிவுக்குள் வேரைச் செலுத்தி, அது வழிதவறாமல் எதிர்க்கரையை அடையும்படி செய்வார்கள். எதிர்க்கரை மண்ணில் வேர் ஊன்றியபின் வேரோடு வேரைப் பின்னி, இடைவெளிகளில் கல்லும் மண்ணும் இட்டு நடைபாதை ஆக்குவார்கள். ஆள் நடக்கும் அளவுக்குப் பாலம் உறுதிப்பட 15 முதல் 30 ஆண்டுகள் வரை ஆகும். வேரைத் திருப்பிவிடத் தொடங்கியவர் முதுமை எய்திய பிறகே அதன் முழுப் பயன் ஊருக்குக் கிடைக்கும். மற்றப் பாலங்கள் ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்க, மரம் நலமாக இருக்கும்வரை இந்தப் பாலம் மேலும் மேலும் வலுப்பெறுகிறது.

நோங்கிரியாட் என்னும் சிற்றூரில், ஒரே மரத்தின் வேர்களால் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஈரடுக்குப் பாலம் இருக்கிறது. அதைக் காணத் திர்னா என்ற ஊரிலிருந்து 3,000க்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி, பின்னர் அத்தனை படிகளையும் ஏறித் திரும்ப வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மௌலின்னாங் அருகில் ரிவாய் என்ற ஊரில் உள்ள பாலத்தைச் சிறிது தூரமே நடந்து பார்த்துவிடலாம். வேர்ப்பாலங்களும் அவற்றைச் சூழ்ந்த நிலப்பரப்பும் 2022இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பார்வையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அது உயிருள்ள மரம். ஒரே நேரத்தில் பெருங்கூட்டமாக ஏறி நின்று படம் எடுப்பதும், வேர்ப்பட்டையில் பெயரைக் கீறுவதும் தலைமுறைகளின் உழைப்பை நேரடியாகக் காயப்படுத்தும் செயல்கள்.

இனி, தாய்வழி முறை. காசிக் குடும்பத்தில் பிறக்கும் குழந்தை தாயின் குலத்தைச் சேர்ந்தது. குலப்பெயரும் தாயிடமிருந்தே வருகிறது. ஒரே குலத்துக்குள் திருமணம் செய்வது பெரும் குற்றமாகக் கருதப்படுகிறது. பூர்வீக வீடு கடைசி மகளுக்குச் சேர்கிறது. அவளைக் கா காட்து என்பார்கள். இதைக் கேள்விப்படும் பலரும் கடைசி மகளுக்குச் சொத்து கிடைக்கிறது என்ற அளவில் நின்றுவிடுகிறார்கள். உண்மையில் அவளுக்குக் கிடைப்பது உரிமையைக் காட்டிலும் பொறுப்பே. வயதான பெற்றோரைப் பேணுவதும், திருமணமாகாத அல்லது வாழ்விழந்து திரும்பிய உடன்பிறப்புகளுக்கு இடம் தருவதும், பழைய சமயத்தைப் பின்பற்றும் குடும்பமானால் குலச் சடங்குகளைத் தவறாமல் நடத்துவதும் அவள் கடமைகள். பூர்வீகச் சொத்தை அவள் தன் விருப்பப்படி விற்றுவிட முடியாது. குடும்பத்தின் முக்கிய முடிவுகளில் தாய்மாமனின் சொல்லுக்குப் பெரும் மதிப்பு உண்டு. கடைசி மகளை மணக்கும் ஆண் அவளது வீட்டுக்குச் சென்று வாழ்வதே வழக்கம்.

குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் ஒரு காலத்தில் வழங்கிய மருமக்கள் வழி தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. இரண்டும் தாய்வழிதான் என்றாலும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. மருமக்கள் வழியில் ஒருவரின் சொத்து அவருடைய சகோதரியின் மகன்களுக்குப் போனது; காசி முறையில் அது தாயிடமிருந்து மகளுக்கே நேராகப் போகிறது. ஆனால் ஆட்சி உரிமை வேறு விதம். சியெம் என்று அழைக்கப்படும் குடித்தலைவரின் பதவி பெரும்பாலும் அவருடைய சகோதரியின் மகனுக்குச் சேர்கிறது. ஊர்ச்சபைகளில் மரபாக ஆண்கள் மட்டுமே அமர்ந்தார்கள். எனவே தாய்வழி என்பதைப் பெண்ணாட்சி என்று புரிந்துகொள்வது தவறு. குலமும் வீடும் பெண் வழியாகத் தொடர்கின்றன. பொதுவெளி அதிகாரம் நெடுங்காலமாக ஆண்களிடமே இருந்துவந்திருக்கிறது. அந்தச் சமூகத்துக்குள்ளேயே இரு பாலாரும் இன்று இதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

காரோ மக்களிடமும் குலம் தாய்வழியே. ஆனால் அங்கே வாரிசாவது கடைசி மகள்தான் என்ற விதி இல்லை. மகள்களில் ஒருத்தியைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கிறார்கள். அவள் நோக்னா எனப்படுகிறாள். அவளை மணந்து வீட்டோடு வரும் நோக்ரோம் பெரும்பாலும் அவளுடைய தந்தையின் குலத்தைச் சேர்ந்த, தந்தைக்கு மருமகன் முறையான இளைஞனாக இருப்பான்.

இந்தத் தாய்வழி முறை ஏட்டளவில் இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும்படி அந்த மலையெங்கும் பரவியிருக்கிறது. காசி, ஜைந்தியா மலைகளில் ஊருக்கு ஊர் காணப்படும் நினைவுக் கற்களில், நிமிர்ந்து நிற்பவை குலத்தின் ஆண்களை, குறிப்பாகத் தாய்மாமன்களைக் குறிக்கின்றன. அவற்றின் முன் கிடத்தப்பட்ட தட்டைக் கல் குலத்தின் ஆதித் தாய்க்கு உரியது. ஜைந்தியா அரசர்களின் கோடைத் தலைநகராக இருந்த நர்தியாங்கில் இத்தகைய கற்கள் ஒரு தோப்பு போலச் செறிந்திருக்கின்றன. மிக உயரமானது சுமார் 8 மீட்டர். கிழக்குக் காசி மலைகளில் உள்ள கோங்தோங் என்ற ஊரில் வேறொரு வழக்கம். குழந்தை பிறந்ததும் தாய் அதற்கென்று சொற்களற்ற ஒரு மெட்டை உருவாக்குகிறாள். வீட்டுக்குள் அழைக்க அதன் சுருக்கம் போதும். காட்டில் தொலைவில் இருப்பவரை அழைக்க முழு மெட்டும் ஒலிக்கும். ஒருவருக்கு உரிய மெட்டு இன்னொருவருக்குச் சூட்டப்படுவதில்லை. அவர் இறந்தால் அந்த மெட்டும் அவரோடு முடிந்துவிடும். குலத்தின் ஆதித் தாயைப் போற்றும் பாடலாகவே இந்த மெட்டுகளை அவ்வூரார் கருதுகிறார்கள்.

இப்போது திருவிழாக்களுக்கு வருவோம். காசி மலைகளின் மிகப் பழமையான பெருவிழாக்களில் ஒன்று நோங்கிரெம். மாநிலத் தலைநகர் ஷில்லாங்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்மித் என்னும் ஊரில், கைரிம் என்ற பழைய சிற்றரசின் தலைமையிடத்தில், வழக்கமாக நவம்பர் மாதத்தில் இது நடைபெறுகிறது. விளைச்சலுக்கு நன்றி கூறவும் மக்களின் நலம் வேண்டவும் நடத்தப்படும் இவ்விழாவில் சேவலும் ஆடுகளும் பலியிடப்படுகின்றன. சியெம் ஆண் தலைவர் என்றாலும், சடங்குகளின் தலைமை சியெம் சாத் எனப்படும் பெண் பூசாரியிடம் இருக்கிறது. அவர் சியெமின் தாயாகவோ சகோதரியாகவோ இருப்பார். அவர் வாழும் ஈங் சாத் என்னும் பெரிய கூரைவீட்டை இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் மரத்தாலும் மூங்கிலாலும் கட்டுவது மரபு. நடனம் அந்த வீட்டின் முற்றத்தில்தான் நடக்கிறது.

அந்த நடனத்தை அருகில் நின்று பார்ப்பவருக்கு முதலில் ஓர் ஏமாற்றம் தோன்றலாம். ஏனெனில் பெண்கள் ஆடுவதாகவே தெரியாது. கைகளை உடலோடு தளரவிட்டு, பார்வையைத் தாழ்த்தி, பாதத்தைத் தரையிலிருந்து முழுதாகத் தூக்காமல் விரல்களால் அங்குலம் அங்குலமாக நகர்கிறார்கள். தலையில் வெள்ளி அல்லது பொன் முடி, அதன் பின்புறத்தில் செருகிய பூ, கழுத்தில் உள்ளே அரக்கு நிரப்பிய பொன்மணிகளும் பவளமும் மாறிமாறிக் கோத்த கனத்த மாலை, கணுக்கால் வரை இறங்கும் பட்டு. இவற்றின் பாரத்தோடு முடி அசையாமல் நகர்வதே ஒரு பயிற்சி. திருமணமாகாத பெண்கள் மட்டுமே இவ்வாறு ஆடலாம். அவர்களைச் சுற்றி ஆண்கள் ஒரு கையில் வாளும் மற்றொரு கையில் சாமரமும் ஏந்தி, பறை வகைக் கருவிகளும் தாங்முரி என்னும் குழலும் எழுப்பும் தாளத்துக்கு விரைந்தும் குதித்தும் ஆடுகிறார்கள். குலத்தைத் தொடரச் செய்பவள் நடுவில், அவளைக் காப்பவன் சுற்றிலும்: தாய்வழியின் அமைப்பு முழுவதும் அந்த இரண்டு வட்டங்களில் தெரிகிறது. இதை அறியாமல் பார்ப்பவர் வேகமான ஆண்களின் ஆட்டத்தையே விழாவின் மையம் என்று கருதிவிடக்கூடும்.

இதே அமைப்பில் நடக்கும் மற்றொரு விழா ஷாத் சுக் மின்சியெம், அதாவது மனநிறைவின் நடனம். விதைப்புக் காலத்தை ஒட்டி ஏப்ரல் மாதத்தில் ஷில்லாங்கின் வெய்கிங் திடலில் நடைபெறுகிறது. இதன் பின்னணியில் ஒரு சமய வரலாறு உண்டு. 1841இல் சோராவுக்கு வந்த வேல்ஸ் நாட்டு மதபோதகர் தாமஸ் ஜோன்ஸ் காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதும் முறையை வகுத்தார். பள்ளிகளும் தேவாலயங்களும் பெருகின. இன்று மாநில மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கிறிஸ்தவர்கள். பழைய சமயமும் வழக்கங்களும் மறைந்துவிடுமோ என்ற கவலையில் இளைஞர்கள் சிலர் 1899 நவம்பர் 23 அன்று செங் காசி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1911 முதல் இந்த நடன விழாவை நடத்திவருவது அந்த அமைப்புதான். பாடும் மரபோ தேவாலயங்களின் வழியாக வேறு திசையில் செழித்தது. ஷில்லாங்கின் சேர்ந்திசைக் குழுக்கள் நாடறிந்தவை. பழைய சமயத்தார், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இருந்தாலும் தாய்வழிக் குலமுறையை இரு சாராருமே விட்டுவிடவில்லை.

ஜைந்தியா மலைகளின் பெருவிழா பெஹ்தியன்க்லாம். விதைப்பு முடிந்தபின், மழை உச்சத்தில் இருக்கும் ஜூலை மாதத்தில், ஜோவாய் நகரில் பனார் மக்களில் நியாம்த்ரே சமயத்தைப் பின்பற்றுவோர் இதை நடத்துகிறார்கள். கொள்ளைநோயைக் கழியால் அடித்து விரட்டுவதே விழாவின் நோக்கம். இளைஞர்கள் வீடுவீடாகச் சென்று மூங்கில் கழிகளால் கூரையைத் தட்டி நோயையும் தீமையையும் வெளியேற்றுகிறார்கள். வீட்டுக்குள் பெண்கள் முன்னோருக்கு உணவு படைக்கிறார்கள். வெளியே நடக்கும் ஆட்டத்தில் அவர்கள் சேர்வதில்லை. கடைசி நாளில் மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு கோபுரம்போல் உயரமாகச் செய்த ரோத் என்னும் அலங்காரங்களை ஐத்னார் என்ற குளத்துக்கு எடுத்துவருகிறார்கள். முழங்கால் அளவு சேற்றுநீரில் இறங்கி, மழை கொட்டக்கொட்ட நூற்றுக்கணக்கான ஆண்கள் ஆடுகிறார்கள். இறுதியில் இரண்டு அணிகள் ஒரு மரப்பந்தை உதைத்து விளையாடுகின்றன. வெல்லும் பக்கத்து நிலத்தில் அந்த ஆண்டு விளைச்சல் சிறக்கும் என்பது நம்பிக்கை. மழைக்காலத்து நோயும் விளைச்சல் பற்றிய அச்சமும் ஒரே நாளில் இங்கே எதிர்கொள்ளப்படுகின்றன.

ஜைந்தியா மலைகளைப் பற்றிப் பேசும்போது நிலக்கரியைப் பேசாமல் விடுவது நேர்மை ஆகாது. ஆள் தவழ்ந்து செல்லும் அளவே உள்ள எலிவளைச் சுரங்கங்களில் நெடுங்காலம் நிலக்கரி எடுக்கப்பட்டது. அதிலிருந்து கசிந்த அமிலநீரால் பல ஆறுகளில் மீனினமே அற்றுப்போனது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014இல் இவ்வகைச் சுரங்கத்துக்குத் தடை விதித்தது. ஆயினும் 2018 டிசம்பரில் க்சான் என்ற இடத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். படகு நிழல் ஆற்றின் அடியில் விழுவதைக் காட்டும் உம்ங்கோத் ஆற்றின் படங்களைப் பார்த்து அதன் கரையில் உள்ள தவ்கி என்ற ஊருக்குச் செல்கிறவர்கள், அதே ஜைந்தியா மலைகளில் வேறு சில ஆறுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மேற்கே காரோ மலைகளில் அறுவடைக்குப் பின் வருவது வங்காலா. மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் ஜூம் முறையில், விதைப்பு முதல் அறுவடை வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் சடங்குகள் இருந்தன; அவற்றின் நிறைவே இவ்விழா. விளைச்சலைத் தரும் மிசி சல்ஜோங் என்ற சூரியத் தெய்வத்துக்கு நன்றி கூறாமல் புதிய விளைபொருளை உண்ணக்கூடாது என்பது பழைய விதி. ஊர்த்தலைவரான நோக்மாவின் வீட்டில் அரிசி மதுவையும் புதுச் சோற்றையும் காய்களையும் படைப்பது முதல் சடங்கு; அடுத்த நாள் சாம்பிராணி போன்ற நறும்பிசினைப் புகைப்பது இரண்டாம் சடங்கு. அதன்பின் ஆட்டம். தாமா எனப்படும் நீண்ட ஒடுங்கிய முழவைக் கழுத்தில் மாட்டிய ஆண்களும், சேவல் இறகு செருகிய தலையணி அணிந்த பெண்களும் இரண்டு வரிசைகளாக நகர்கிறார்கள். பெரும்பாலான காரோ மக்கள் கிறிஸ்தவத்தை ஏற்ற பிறகு ஊர்களில் விழா அருகியது. 1976இல் துரா நகருக்கு அருகில் அசனாங் என்ற இடத்தில் நூறு முழவுகள் விழா என்ற பெயரில் பல ஊர்க் குழுக்களை ஒன்றுசேர்த்து நடத்தத் தொடங்கினார்கள். நூறு முழவுகள் ஒரே தாளத்தில் ஒலிக்கும்போது நெஞ்சுக்கூடு அதிர்வதை உணரலாம். ஆனால் சடங்கின் பொருளை அறிய விரும்புகிறவர்கள், பழைய சொங்சாரேக் சமயத்தார் இன்னும் வாழும் சிற்றூர்களில் அழைப்பின்பேரில் விழாவைக் காண முயல்வது சிறப்பு.

காரோ மலைகளுக்கு வெளியாட்கள் அதிகம் போவதில்லை; அது ஒரு குறையே. துராவுக்கு அருகில் உள்ள நோக்ரெக் உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2009இல் தன் வலையமைப்பில் சேர்த்தது. அங்கே காட்டில் தானாக வளரும் சிட்ரஸ் இண்டிகா என்னும் ஆரஞ்சு இனம் பயிர் ஆய்வாளர்களுக்கு மிக முக்கியமானது. காரோ மக்கள் அதை மருந்தாகவும் ஈமச் சடங்குகளிலும் பயன்படுத்திவந்தார்கள். மரங்களின் உச்சியில் வாழும் ஹூலக் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கின் கூவல் விடியற்காலையில் அங்கே கேட்கும்.

ஷில்லாங்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள மௌப்லாங் புனிதக் காட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுற்றிலும் புல்வெளியாகக் கிடக்கும் மேட்டுநிலத்தில் இந்தக் காடு மட்டும் அடர்ந்து நிற்கிறது. காட்டுத் தெய்வத்தின் உடைமை என்பதால் இதிலிருந்து ஓர் உதிர்ந்த இலையையோ சுள்ளியையோ கூட வெளியே எடுத்துச் செல்லக்கூடாது. உள்ளூர் வழிகாட்டியோடுதான் உள்ளே போக வேண்டும். காலடியில் நெடுங்காலமாகச் சேர்ந்த சருகுமட்டு மெத்தென்று அமுங்கும். மரப்பட்டைகளில் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் பற்றியிருக்கும். மழை அரித்துவிட்ட மற்ற சரிவுகளைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு, அந்த மலைகள் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதும், மண்ணைப் பிடித்துவைப்பது எது என்பதும் விளக்கமின்றியே புரியும்.

சுண்ணாம்புப் பாறையை மழைநீர் கரைத்ததால் உண்டான குகைகள் மாநிலத்தில் ஏராளம். ஜைந்தியா மலைகளில் உள்ள லியத் பிராஹ் குகைத்தொடர் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. சோராவுக்கு அருகில் உள்ள மௌம்லு குகைக்கு அறிவியலில் தனி இடம் உண்டு. அதில் வளர்ந்த ஒரு கசிதுளிப் படிவை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுவிழந்ததன் தடயத்தை அதில் கண்டார்கள். அதன் அடிப்படையில், அப்போது தொடங்கி இன்றுவரை நீளும் நிலவியல் காலத்துக்கு 2018இல் மேகாலயன் காலம் என்று உலக அளவில் பெயரிடப்பட்டது.

உணவில் அரிசியும் இறைச்சியும், குறிப்பாகப் பன்றி இறைச்சியும் முதன்மை. பன்றி இரத்தமும் இறைச்சியும் சேர்த்து ஆக்கும் ஜாதோ என்ற சோறு சிறு உணவகங்களில் கிடைக்கும். கறுப்பு எள் அரைத்துச் சேர்த்த இறைச்சிக் குழம்பும் கருவாட்டுத் துவையலும் உண்டு. சைவ உணவு உண்பவர்கள் ஷில்லாங்குக்கு வெளியே செல்லும்போது முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. எங்கு சென்றாலும் முதலில் நீட்டப்படுவது குவாய்: பச்சைப் பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு. பழைய காலத்தில் ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் உள்ள தொலைவை வழியில் எத்தனை குவாய் மெல்லலாம் என்றே கணக்கிட்டார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது அவர் கடவுளின் வீட்டில் குவாய் மென்றுகொண்டிருக்கிறார் என்பார்கள். பழக்கமில்லாதவருக்குப் பச்சைப் பாக்கு வியர்வையையும் தலைச்சுற்றலையும் உண்டாக்கும். ஆகவே சிறு துண்டாக வாங்கிக்கொள்ளலாம், முற்றிலும் மறுப்பதைத் தவிர்க்கலாம்.

பயணத் திட்டம் எதைக் காண விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விமானத்திலோ ரயிலிலோ குவாஹாட்டிக்குச் சென்று, அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் பயணித்து ஷில்லாங்கை அடைவதே பலரும் பின்பற்றும் வழி. ஷில்லாங்கிலிருந்து சோரா 55 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அருவிகள் முழு வலிமையோடு விழுவதைக் காண ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்ல வேண்டும். ஆனால் மூடுபனியில் நாள் முழுவதும் காத்திருந்தும் சுமார் 340 மீட்டர் உயரமுள்ள நோகாலிகாய் அருவி கண்ணில் படாமலே போகக்கூடும், சாலைகளில் மண் சரிவதும் உண்டு. தவ்கி ஆற்றுநீர் தெளிந்திருப்பது நவம்பர் முதல் மார்ச் வரை. மழைக்காலத்தில் அது கலங்கி ஓடும். நவம்பரில் சென்றால் தெளிந்த வானமும் கிடைக்கும், ஸ்மித்திலும் அசனாங்கிலும் விழாக்களைக் காணும் வாய்ப்பும் உண்டு. நோங்கிரெம் விழா நாளை அவ்வூர்ப் பெரியவர்களே ஒவ்வோர் ஆண்டும் முடிவு செய்து அறிவிப்பதால், விமானச் சீட்டை எடுப்பதற்கு முன் மாநிலச் சுற்றுலாத் துறையிடமோ தங்கப்போகும் விடுதியாரிடமோ நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள். பலிச் சடங்கு நடக்கும் இடத்தில் படம் எடுக்கலாமா என்பதையும் அங்கிருப்பவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.